ரேடான் 6.1 என்று வந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி இது. அமெரிக்காவில் பேஸ்மென்ட் உள்ள ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. வீட்டுப் பரிசோதனையோடு சேர்த்துச் செய்த 48 மணி நேர ரேடான் சோதனையில் (ரேடான் என்பது மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு) சராசரி லிட்டர் காற்றுக்கு 6.1 பிகோகியூரி என்று வந்திருக்கிறது. பிகோகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. விற்பவரின் ஏஜென்ட், “வீடு மூடியே கிடந்ததால் வந்த எண் அது, ஜன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும், பக்கத்து வீட்டில் சோதித்தபோது ஒன்றுமே இல்லை” என்கிறார். மனைவியோ குழந்தையை நினைத்து, இந்த வீடே வேண்டாம் என்கிறார். பேஸ்மென்டை அலுவலக அறையாக்கும் எண்ணம் வேறு இருக்கிறது. ஒப்பந்தத்திலிருந்து விலக இன்னும் சில நாட்களே பாக்கி. என்ன செய்யலாம்?

வீடு மற்றபடி பிடித்திருந்தால் இந்த எண்ணுக்காக அதை விடாதீர்கள். அதற்காக ஏஜென்ட் சொல்வதை நம்பி அப்படியே வாங்கியும் விடாதீர்கள். 6.1 என்பது சரிசெய்தே ஆக வேண்டிய அளவு. நல்லவேளையாக, வீட்டுப் பரிசோதனையில் வரக்கூடிய பெரிய குறைகளிலேயே சுலபமாகச் சரிசெய்யக்கூடியதும் இதுதான். அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது என்று வந்திருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் ஏஜென்டின் வாதங்களில் எது நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மண்ணிலும் பாறையிலும் எங்கும் கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. இந்த வரிசையில் மற்றவை எல்லாம் திடப்பொருள்கள், பிறந்த இடத்திலேயே கிடக்கும். ரேடான் மட்டும் வாயு. நிறமோ மணமோ கிடையாது, எதோடும் வினைபுரியாது. அதனால் மண்துகள்களின் இடுக்கு வழியே நகர்ந்து மேலே வந்துவிடுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 3.8 நாள். மேலே வந்து சேர அந்த அவகாசம் போதும்.

திறந்தவெளிக்கு வந்தால் காற்றில் கலந்து நீர்த்துப்போகும். அமெரிக்காவில் வெளிக்காற்றின் சராசரி 0.4 பிகோகியூரிதான். வீட்டுக்குள் சராசரி 1.3. காரணம், வீடு மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. உள்ளே இருக்கும் சூடான காற்று மேலேறி மாடி வழியாகக் கசிந்து போகும்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப, தரையின் விரிசல், தரையும் சுவரும் சேரும் இடுக்கு, சம்ப் குழி (பேஸ்மென்ட் அடியில் ஊறும் நீர் சேரும் குழி), குழாய் நுழையும் ஓட்டை என்று கிடைத்த வழியில் எல்லாம் மண்காற்று உள்ளே வருகிறது. குளிர்காலத்தில் இந்த இழுப்பு அதிகம். பெரும்பாலான வீடுகளில் அந்தக் காலத்தில் எண் கூடுவதற்கு இதுதான் காரணம். பேஸ்மென்ட் இல்லாத வீட்டுக்கு ரேடான் வராது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. நேரடியாகத் தரைமேல் கட்டிய வீடும், அடியில் தவழ்ந்து போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்ட வீடும் மண்ணைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மூன்றாம் தளத்துக்குக் கீழே உள்ள எந்த வீட்டையும் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.

ஆபத்து எவ்வளவு? ரேடானை மூச்சில் இழுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். சிக்கல் அது சிதைந்து உண்டாகும் வாரிசுகளிடம். பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகிய திடப்பொருள்கள் தூசியோடு ஒட்டி நுரையீரலுக்குள் போய், அங்கேயே தங்கி, ஆல்ஃபா துகள்களை உமிழ்கின்றன. அந்தத் துகளால் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்ட முடியாது, ஆனால் மூச்சுக்குழாயின் உட்பூச்சுச் செல்களுக்கு அது போதும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்துவிட்டது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணம் என்பது இ.பி.ஏ.யின் மதிப்பீடு. அதில் சுமார் 2,900 பேர் வாழ்நாளில் புகைத்தே இராதவர்கள்.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். ரேடானும் சிகரெட்டும் சேரும்போதுதான் ஆபத்து எகிறுகிறது. வாழ்நாள் முழுக்க 4 பிகோகியூரி அளவில் இருந்தால், புகைப்பவர்கள் ஆயிரம் பேரில் சுமார் 62 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம், புகைத்தே இராதவர்களில் சுமார் 7 பேருக்கு என்று இ.பி.ஏ. கணக்கிட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் புகைப்பவர் யாராவது இருந்தால் அதை நிறுத்துவது ரேடானை வெளியேற்ற வைக்கும் எந்தக் குழாயை விடவும் பெரிய நன்மை. இரண்டாவது விஷயம், இது ஆண்டுக்கணக்கில் சேரும் ஆபத்து. வீட்டைப் பார்க்கப் போன இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்று உங்கள் மனைவி பயப்பட வேண்டியதில்லை. ரேடானால் தலைவலி, இருமல், மயக்கம் எதுவும் வராது. குடிவந்த பிறகு சில வாரங்களில் சரிசெய்தாலும் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டீர்கள்.

4 என்பது அமெரிக்காவில் ‘நடவடிக்கை எடு’ என்னும் அளவு. உலகின் பிற இடங்களில் கனமீட்டருக்கு இத்தனை பெக்கரல் என்று சொல்வார்கள். லிட்டருக்கு ஒரு பிகோகியூரி என்றால் கனமீட்டருக்கு 37 பெக்கரல், ஆக 4 என்பது 148, உங்கள் 6.1 ஏறத்தாழ 226. உலக சுகாதார அமைப்பு 2009-ல் 100 பெக்கரலைப் பரிந்துரைத்தது, அது சாத்தியப்படாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்றது. கனடாவின் வழிகாட்டு அளவு 200. பிரிட்டனிலும் நடவடிக்கை அளவு 200, எட்ட வேண்டிய இலக்கு 100. இத்தனை எண்கள் இருப்பதிலிருந்தே தெரியும், 4-க்குக் கீழே பாதுகாப்பு, மேலே ஆபத்து என்று இயற்கை கோடு எதையும் போடவில்லை. செலவையும் தொழில்நுட்பத்தையும் பார்த்து மனிதர்கள் போட்ட கோடு அது. 2-க்கும் 4-க்கும் நடுவே இருந்தாலும் சரிசெய்வதை யோசியுங்கள் என்று இ.பி.ஏ.யே சொல்கிறது.

இனி ஏஜென்டின் வாதங்களுக்கு வருவோம்.

வீடு மூடியிருந்ததால் எண் கூடிவிட்டது என்பது அதில் மிகப் பலவீனமானது. நான்கு நாளுக்குக் குறைவான எந்தச் சோதனைக்கும் 12 மணி நேரம் முன்பிருந்தே வீடு மூடியிருக்க வேண்டும், சோதனை முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஜன்னல்களும் வெளிக்கதவுகளும் சாத்தியிருக்க வேண்டும், வழக்கம்போல் வந்து போகலாம், ஹீட்டரோ ஏசியோ வழக்கம்போல் ஓடலாம். வெளிக்காற்றை இழுத்துத் தள்ளும் விசிறிகள்தான் கூடாது. மூடி வைத்து அளந்தது குறையில்லை, அளக்க வேண்டிய முறையே அது. ஜன்னலைத் திறந்தால் எண் இறங்கும் என்பது உண்மைதான். சாத்திய பிறகு ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பழைய நிலைக்கு ஏறிவிடும். மாடி ஜன்னலை மட்டும் திறந்தால் கீழே இழுப்பு கூடி நிலைமை மோசமாகவும் கூடும். ஜனவரி மாதத்தில் பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அலுவலக வேலை பார்க்கச் சொல்கிறாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கதையும் அப்படித்தான். அடியில் இருக்கும் மண், தரையிலுள்ள விரிசல், வீட்டின் காற்றோட்டம் எல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று 1, மற்றது 10 என்று வருவது சாதாரணம். மாவட்டவாரியாக வண்ணம் தீட்டிய இ.பி.ஏ. வரைபடம் ஒன்று உண்டு. அயோவா மாநிலம் முழுவதும் அதில் மிக அதிக வாய்ப்புள்ள முதல் மண்டலமாக இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வீட்டைச் சோதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த வரைபடத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை வெளியிட்டவர்களே சொல்கிறார்கள். வாய்ப்பு மிகக் குறைந்த மூன்றாம் மண்டலத்திலும் உயர்ந்த எண்கள் வந்திருக்கின்றன.

வீடுகளில் ரேடான் இவ்வளவு ஏறக்கூடும் என்பது அமெரிக்காவில் பரவலாகத் தெரியவந்ததே தற்செயலாகத்தான். 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சுக் கண்காணிப்பு வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அலாரம் அடித்தது. அந்த நிலையம் அப்போது இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யவே தொடங்கவில்லை. கதிர்வீச்சை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். வீட்டை அளந்தபோது சுமார் 2,700 பிகோகியூரி. உங்கள் 6.1-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டையே சரிசெய்து, குடும்பம் திரும்பிப் போய்க் குடியிருந்தது.

சரி, எண்ணை நம்பலாமா? அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு சில விஷயங்களைப் பாருங்கள். எந்தக் கருவி? வீடு வாங்கும்போது செய்யும் சோதனைக்குத் தொடர் அளவி என்னும் மின்னணுக் கருவிதான் சிறந்தது. மணிக்கு மணி பதிவு செய்யும், பலவற்றில் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், யாராவது கருவியை நகர்த்தினார்களா என்பதும் பதிவாகும். அந்த மணிவாரி வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், சராசரி எண் மட்டும் போதாது. இரவில் ஏறிப் பகலில் இறங்கும் ஒரு தாளம் தெரிந்தால் இயல்பு. ஓரிடத்தில் திடீரென்று விழுந்து சில மணி நேரம் அப்படியே கிடந்து மறுபடி ஏறினால் யாரோ ஜன்னலைத் திறந்திருக்கலாம். அப்போது உண்மை எண் 6.1-க்கும் மேலே. ரேடானை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் டப்பா வைத்துச் செய்திருந்தால் இந்த விவரம் எதுவும் கிடைக்காது. அதனால்தான் அதில் இரண்டு டப்பாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சராசரி எடுக்கச் சொல்கிறார்கள்.

எங்கே வைத்தார்கள் என்பதும் முக்கியம். நீங்கள் பயன்படுத்தக்கூடிய ஆகக் கீழான தளத்தில் வைத்திருக்க வேண்டும். உங்களைப் பொறுத்தவரை பேஸ்மென்ட், அது இன்னும் மெருகேறாத வெறும் கான்கிரீட்டாக இருந்தாலும் சரி. தரையிலிருந்து குறைந்தது அரை மீட்டர் உயரத்தில், ஜன்னலிலிருந்தும் வெளிக்கதவிலிருந்தும் மூன்றடி தள்ளி. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் அறை, அலமாரி, சம்ப் குழியின் தலைமேல் இவையெல்லாம் கூடாது. சோதனையின்போது பலத்த புயல்காற்று அடித்திருந்தால் இரண்டு நாள் முடிவை அவ்வளவாக நம்ப முடியாது. அளந்தவருக்குத் தகுதிச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாநிலங்களில் உரிமம் கட்டாயம், மற்ற இடங்களில் என்.ஆர்.பி.பி., என்.ஆர்.எஸ்.பி. என்ற இரண்டு அமைப்புகளின் சான்று பார்க்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் 48 மணி நேரம் என்பது ஓர் ஆண்டின் மிகச் சிறிய துண்டு. ரேடான் நாளுக்கு நாள், பருவத்துக்குப் பருவம் மாறும். உங்கள் வீட்டின் ஆண்டுச் சராசரி 4.5 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். 6.1-க்கு இது பெரிய பிரச்சினை இல்லை, எப்படிப் பார்த்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். எனக்குக் கவலை தருவது 3.6 என்று வரும் வீடுகள். 4-க்குக் கீழே, தேறிவிட்டது என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் யாரும் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. கோடையில் எடுத்த 3.6 குளிர்காலத்தில் 6 ஆவதற்கு அதிக சிரமம் வேண்டாம். ஒரு விதத்தில் உங்களுக்கு 6.1 வந்ததே நல்லது. விற்பவரோடு பேசப் பிடி கிடைத்திருக்கிறது.

அந்தப் பேச்சுக்கு வருவோம். உங்கள் ஒப்பந்தத்தில் ரேடான் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் விற்பவர் சரிசெய்ய வேண்டும் அல்லது வாங்குபவர் விலகலாம் என்று பெரும்பாலும் இருக்கும். காலக்கெடு, எழுத்துமூல அறிவிப்பு இரண்டையும் தவறவிடாதீர்கள். வழி இரண்டு. ரேடானைக் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றும் அமைப்பை விற்பவரே பொருத்திக் கொடுப்பது ஒன்று. அதற்கான பணத்தை விலையில் கழித்துக்கொண்டு அல்லது குளோசிங்கில் (வீடு கைமாறும் நாளில்) வாங்கிக்கொண்டு நீங்களே செய்துகொள்வது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதற்கு. வீட்டை விட்டுப் போகிறவர் குறைந்த விலை கேட்கும் ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிடுவார். குழாய் வரவேற்பறை ஜன்னலுக்கு முன்னால் போனாலும் அவருக்கு என்ன? பெரும்பாலான இடங்களில் செலவு ஆயிரம் டாலரிலிருந்து மூவாயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். இரண்டு நிறுவனங்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கேளுங்கள். விற்பவர் தானே செய்து தருவதாக அடம்பிடித்தால், சான்று பெற்றவர்தான் செய்ய வேண்டும், முடிந்தபின் வேறொருவர் அளந்து 4-க்குக் கீழே, முடிந்தால் 2-க்குக் கீழே காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். குளோசிங்குக்குள் முடியாவிட்டால் ஒரு தொகையை மூன்றாம் தரப்புக் கணக்கில் நிறுத்தி வைக்கலாம்.

வேலை என்ன தெரியுமா? பேஸ்மென்ட் தரையில் ஓட்டை போட்டு, அடியிலுள்ள ஜல்லிப் படுகையிலிருந்து ஒரு பிவிசி குழாயை மேலே கொண்டுபோய், ஒரு விசிறியை இணைத்துக் கூரைக்கு மேலே விடுவார்கள். விசிறி எப்போதும் ஓடும். தரைக்கு அடியில் அழுத்தம் வீட்டுக்குள் இருப்பதை விடக் குறைந்துவிடுவதால் மண்காற்று வீட்டுக்குள் வராமல் குழாய் வழியே போய்விடுகிறது. பல வீடுகளில் ஒரே நாள் வேலை. சம்ப் குழிக்குக் காற்றுப்புகாத மூடி போடுவார்கள், பெரிய விரிசல்களை அடைப்பார்கள். விரிசலை மட்டும் அடைத்துவிட்டுப் போகிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அது மட்டும் நிலைத்த பலன் தருவதில்லை. நல்ல ஒப்பந்தக்காரர் முதலில் ஒரு சிறு துளை போட்டு உறிஞ்சிப் பார்த்து, இழுப்பு தரையின் மறுகோடிவரை எட்டுகிறதா என்று சோதிப்பார். ஜல்லி இருந்தால் எட்டும், களிமண் என்றால் இரண்டு இடத்தில் உறிஞ்ச வேண்டியிருக்கலாம். விசிறி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பரணிலோ வெளியிலோ இருக்க வேண்டும், ஏனென்றால் விசிறிக்கு மேலே குழாய் கசிந்தால் ரேடான் வீட்டுக்குள்ளேயே கொட்டும். எரிவாயுவில் ஓடும் ஹீட்டர் இருந்தால், அதன் புகை பழைய வழியிலேயே வெளியே போகிறதா என்பதையும் வேலை முடிந்ததும் பார்க்கச் சொல்லுங்கள்.

குழாயில் ஆங்கில யு வடிவில் வண்ணத் திரவம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழல் ஒன்று ஒட்டியிருக்கும். இரு பக்கமும் திரவ மட்டம் ஏறுக்குமாறாக இருந்தால் விசிறி இழுக்கிறது, சமமாக இருந்தால் நின்றுவிட்டது. அது இழுப்பை மட்டுமே காட்டும், ரேடானைக் காட்டாது. ஏற்கெனவே ரேடான் அமைப்பு இருக்கும் வீட்டை வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். குழாய் இருக்கிறது, விசிறி ஓடுகிறது, போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். விசிறி ஓடும்போதே புதிதாக ஒரு சோதனை கேளுங்கள். புது வீடுகளில் கட்டும்போதே குழாய் மட்டும் வைத்து விசிறி இல்லாமல் விட்டிருப்பார்கள். அதையும் அளந்துதான் பார்க்க வேண்டும். எண் கூடுதலாக இருந்தால் விசிறியை மட்டும் சேர்த்தால் போதும், செலவு குறைவு.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். அது தூசியில் ஒட்டிய வாரிசுகளைக் கொஞ்சம் பிடிக்கும், ரேடான் வாயுவைப் பிடிக்காது. சமையல் மேடையின் கிரானைட்டைப் பற்றிய பயமும் பெரும்பாலும் தேவையற்றது, மண்ணோடு ஒப்பிட்டால் அதன் பங்கு மிகச் சிறியது. சொந்தக் கிணற்று நீர் உள்ள வீடு என்றால் மட்டும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். குளிக்கும்போதும் துவைக்கும்போதும் நீரிலுள்ள ரேடான் காற்றுக்கு வரும், நீரில் 10,000 பிகோகியூரி இருந்தால் வீட்டுக் காற்றில் சுமார் 1 கூடும் என்பது கணக்கு. நகராட்சி ஏரித் தண்ணீர் என்றால் விட்டுவிடுங்கள்.

விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள் மறுசோதனை செய்யுங்கள். பொருத்தியவரே அளப்பதை விட வேறொருவர் அளப்பது நல்லது. குடிபுகுந்த பிறகு ஆல்ஃபா தடம் பதியும் கருவி ஒன்றை மூன்று மாதத்துக்கு மேல், குளிர்காலமும் அடங்குமாறு வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டின் உண்மையான எண் அப்போதுதான் கிடைக்கும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

பேஸ்மென்ட் அலுவலக அறை விஷயத்தில் வரிசை மாறிவிடக் கூடாது. முதலில் ரேடான் அமைப்பு, மறுசோதனை, அப்புறம்தான் சுவர்ப்பலகையும் தரைவிரிப்பும். தரை வெறுமையாக இருக்கும்போது துளை போடவும் விரிசலை அடைக்கவும் சுலபம், குழாயைச் சுவருக்குள் மறைக்கவும் முடியும். சம்ப் மூடியையும் திரவக் குழலையும் மட்டும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி விட்டுவிடச் சொல்லுங்கள். அறை முடிந்து கதவு மாட்டியதும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள், தடுப்பும் புதிய ஏசி வழியும் வந்தால் காற்றோட்டம் மாறியிருக்கும்.